பிழைச்செய்தியும் ஒரு பனுவலே

ஒரு செய்யுளடியில் பாடவேறுபாடு இருப்பதாக ஐயம் எழுந்தால், தமிழாய்வாளர் மூன்று பதிப்புகளைப் புரட்டிப் பார்க்காமல் அடுத்த வரிக்குப் போகமாட்டார். அதே ஆய்வாளரின் லினக்ஸ் கணினியில் மென்பொருள் புதுப்பிப்பு ஒருநாள் தடைப்பட்டு, திரையில் நான்கு வரிப் பிழைச்செய்தி தோன்றட்டும். அதை அவர் படிப்பதில்லை. அப்படியே தேடுபொறியில் ஒட்டுகிறார், அல்லது உரையாடு செயலியிடம் கொடுக்கிறார். முதலில் கிடைக்கும் கட்டளையை நகலெடுத்து, நிர்வாகிக்குரிய முழு அதிகாரத்தோடு இயக்குகிறார். பலிக்காவிட்டால் இன்னொரு கட்டளை. அதுவும் பலிக்காவிட்டால் தெருமுனைக் கடையில் ‘ஃபார்மட்’. இறுதியில், லினக்ஸ் சாமானியருக்கு ஆகாது என்றொரு தீர்ப்பு.

இத்தீர்ப்பு தவறானது. பெரும்பாலான நேர்வுகளில், பழுது என்ன என்பதை அந்த நான்கு வரிகளே சொல்லியிருக்கும். சில வேளைகளில் மருந்தையும் சொல்லியிருக்கும். சொன்னதைக் கேளாமல் நோயாளியைக் கைவிடுகிறவர்கள், படிப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்பதுதான் வெட்கத்திற்குரியது.

இது இன்று பேசப்பட வேண்டியதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-இன் வன்பொருள் நிபந்தனைகளுக்குள் அடங்காத பழைய கணினிகள் ஏராளம். பெங்களூரில் அல்சூரை அடுத்த ஜோகுபாளையத்தில், வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் வகுப்பில் ஆங்கிலமுமாக வாழும் ஒரு முனைவர் பட்ட மாணவரை எண்ணிப் பார்க்கலாம். எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பழைய மேசைக்கணினி. புதியது வாங்க உதவித்தொகை இடங்கொடாது. அதில் உபுண்டுவை நிறுவுகிறார். ஆய்வேட்டின் இரண்டு இயல்கள் அதில்தான் உள்ளன. ஒரு காலையில் புதுப்பிப்பு நின்றுவிடுகிறது. அவருக்கு அன்று தேவை புதுக்கணினி அன்று. திரையிலுள்ள வாக்கியத்தின் பொருள்.

தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைப் பாடமாகப் படித்தவர்களுக்கு இதை விளக்குவது எளிதாக இருக்க வேண்டும். கிளவியாக்கத்தை விளக்கும் மரபு, தவற்றைப் ‘பிழை’ என்று ஒரே சொல்லால் சொல்லி விலகுவதில்லை. திணை, பால், இடம், காலம், வினா, செப்பு, மரபு என வழுவை ஏழாக வகுத்துக்கொண்டே பேசுகிறது. எவ்வகை வழு என்று அறிந்த பிறகே திருத்தம். தமிழ்க் கணிமையாளர்கள் நிரற்பிழையைக் குறிக்க ‘வழு’ என்னும் அதே சொல்லை எடுத்துக்கொண்டார்கள். சொல் வந்தது, வகுத்துப் பார்க்கும் முறை வரவில்லை.

டெபியன், உபுண்டு, அவற்றின் வழிவந்த பிற வழங்கல்கள் ஆகியவற்றில் புதுப்பிப்பு தடைப்படும் வழிகள் எண்ணற்றவை அல்ல. அன்றாடம் எதிர்ப்படுபவை ஆறு வகைக்குள் அடங்கும்.

முதலாவது பூட்டு. ஒரே நேரத்தில் இரு செயல்கள் தொகுப்புகளின் பதிவேட்டில் கைவைக்கக் கூடாது என்பதற்காக, வேலை செய்யும் நிரல் அதைப் பூட்டி வைத்துக்கொள்கிறது. பூட்டு கிடைக்கவில்லை என்று சொல்லும் ஆப்ட், எந்தச் செயல் அதைப் பிடித்திருக்கிறது என்பதை எண்ணோடும் பெயரோடும் சொல்கிறது. பெரும்பாலும் அது பின்னணியில் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை நிறுவிக்கொண்டிருக்கும் தானியங்கி நிரலாக இருக்கும். சற்றுப் பொறுத்திருந்தால் வேலை முடியும். ஆனால் நெடுங்காலமாகக் கைமாறிவரும் அறிவுரை, ‘பூட்டுக் கோப்பை அழித்துவிடு’ என்பது. கோப்பு எப்போதும் அங்கேயே இருப்பது. பூட்டு என்பது அக்கோப்பின்மீது ஒரு செயல் கொண்டிருக்கும் பிடி. கோப்பை அழித்தால் காவல் நீங்கி, இரு செயல்கள் ஒரே பதிவேட்டில் எழுதும் நிலை உண்டாகும். பூட்டுக் கோப்பை நீக்குவது தீர்வன்று, அது கணினியைப் பழுதாக்கக்கூடும் என்று ஆப்ட்டின் அண்மைப் பதிப்புகள் செய்தியிலேயே எச்சரிக்கின்றன. எச்சரிக்கைக்குக் கீழேயே நின்றுகொண்டு, அது எச்சரித்ததைச் செய்கிறார்கள்.

இரண்டாவது குறைவேலை. நிறுவல் நடுவே மின்சாரம் போய்விட்டால், தொகுப்புகள் பிரிக்கப்பட்டும் அமைக்கப்படாமலும் பாதியில் நிற்கும். அடுத்த முறை கணினி சொல்லும் செய்தி, வேலை இடையில் அறுபட்டது என்பதையும், அதைச் சரிசெய்யக் கைப்பட இயக்க வேண்டிய கட்டளை எது என்பதையும் எழுத்துக்கு எழுத்து தருகிறது. டிபிகேஜி என்னும் நிரலை, விடுபட்ட அனைத்தையும் அமைக்கச் சொல்லும் விருப்பங்களோடு ஒருமுறை இயக்கினால் பெரும்பாலும் போதும். இச்செய்தியைக் கண்டு கணினியை ‘ஃபார்மட்’ செய்தவர்கள், வினாத்தாளிலேயே அச்சிட்டிருந்த விடையைப் பாராமல் தேர்வறையை விட்டு வெளியேறியவர்கள்.

மூன்றாவது இடம். ஒவ்வொரு புதுப்பிப்பிலும் வரும் புதிய கெர்னல், பழையவற்றோடு சேர்ந்து துவக்கக் கோப்புகளின் பிரிவில் அமர்கிறது. வட்டை மறையாக்கி நிறுவியவர்களின் கணினியில் இப்பிரிவு தனியாகவும் சிறியதாகவும் இருக்கும். அது நிறைந்ததும் ‘இடமில்லை’ என்ற செய்தி. வீட்டுக் கோப்புறையில் நூறு கிகாபைட் காலியாக இருக்கிறதே என்று பயனர் வியக்கிறார். எந்தப் பிரிவில் இடமில்லை என்பதைச் செய்தியிலுள்ள பாதை சொல்லியிருக்கும். தேவையற்ற பழைய கெர்னல்களைத் தொகுப்பு மேலாளர் வழியே நீக்கினால் தீரும்.

நான்காவது காலம். களஞ்சியத்தின் வெளியீட்டுக் கோப்பு ‘இன்னும் செல்லுபடியாகவில்லை’, அது செல்லுபடியாக இத்தனை மணி நேரம் இருக்கிறது என்று ஒரு செய்தி வரும். களஞ்சியம் எதிர்காலத்தில் இல்லை. கணினியின் கடிகாரம் இறந்த காலத்தில் இருக்கிறது. பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் காசு வடிவ மின்கலம் தீர்ந்துபோனால் இது நேரும். கடிகாரத்தைத் திருத்தி, மின்கலத்தை மாற்றினால் போதும். இதற்காகக் களஞ்சிய முகவரிகளை எல்லாம் மாற்றியெழுதி மேலும் குலைத்துக்கொள்பவர்கள் உண்டு.

ஐந்தாவது சாவி. கையொப்பத்தைச் சரிபார்க்கத் தேவையான பொதுச்சாவி இல்லை என்னும் செய்தி. பெரும்பாலும் பயனரே என்றோ சேர்த்த வெளிக் களஞ்சியம் ஒன்றினால் வருவது. அக்களஞ்சியம் தேவையா என்று கேட்டு, தேவையென்றால் அதனை நடத்துவோரின் முறையான சாவியைப் பெறுவதே வழி. ‘சரிபார்க்காமலே நம்பு’ என்று அமைப்பில் ஒரு சொல்லைச் சேர்க்கும் குறுக்குவழி, கையொப்பமில்லாத காசோலைக்கும் பணம் தரும்படி வங்கிக்கு எழுதிக் கொடுப்பதற்கு நிகர்.

ஆறாவது ஆயுள். உபுண்டுவின் இடைக்கால வெளியீடுகளுக்கு ஒன்பது மாதமும், நீண்டகால வெளியீடுகளுக்கு ஐந்தாண்டும் பொது ஆதரவு. 2018 ஏப்ரலில் வந்த 18.04-க்கு அது 2023 மே மாதத்தோடு முடிந்தது. ஆயுள் முடிந்த இடைக்கால வெளியீடுகளின் கோப்புகள் பழையவற்றுக்கான வேறொரு களஞ்சியத்துக்கு மாற்றப்படுகின்றன. பழைய முகவரியில் 404 என்னும் எண் வருகிறது. அங்கே பழுதில்லை, குடியிருந்தவர் வீடு மாற்றிவிட்டார். உரிய தீர்வு, தரவுகளைப் படியெடுத்து வைத்துவிட்டுப் புதிய வெளியீட்டுக்கு மாறுவது.

இந்த ஆறில் எதற்கும் கணினியியல் பட்டம் தேவையில்லை. செய்தியில் எழுவாய் எது, பயனிலை எது, எந்தப் பெயர் கோப்பைக் குறிக்கிறது, எந்தப் பெயர் செயலைக் குறிக்கிறது என்று பிரித்துப் பார்க்கும் பயிற்சி போதும். அப்பயிற்சி மொழித்துறைகளில் நாள்தோறும் நடக்கிறது.

படிக்காததின் விலை என்ன என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2021 நவம்பரில், கனடாவைச் சேர்ந்த காணொளியாளர் லைனஸ் செபாஸ்டியன் பாப் ஓஎஸ் என்னும் லினக்ஸ் வழங்கலில் ஸ்டீம் என்னும் விளையாட்டுச் செயலியை நிறுவ முயன்றதைப் பல இலட்சம் பேர் பார்த்தார்கள். தொகுப்பில் அப்போது ஒரு வழு இருந்தது. ஸ்டீமை நிறுவினால் மேசைத்தளமே நீங்கிவிடும். இன்றியமையாத தொகுப்புகள் நீக்கப்படவுள்ளன, இது தீங்கு விளைவிக்கக்கூடும் என்று ஆப்ட் எச்சரித்து, தொடர வேண்டுமானால் ‘ஆம், நான் சொல்வதைச் செய்’ என்னும் பொருளுடைய ஆங்கிலத் தொடரைத் தட்டச்சிடக் கேட்டது. அவர் தட்டச்சிட்டார். மேசைத்தளம் போயிற்று. ஆங்கிலம் அவருக்கு அன்றாட மொழி. ஆகவே, ‘ஆங்கிலம் தெரிந்தால் போதும், தமிழில் எதற்கு’ என்று கேட்கும் பேராசிரியர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு மொழியை அறிவதும் அம்மொழியில் எதிரே நிற்கும் வாக்கியத்தைப் படிப்பதும் ஒன்றல்ல.

அந்நிகழ்வுக்குப் பின் நடந்தது அதைவிடக் கவனத்திற்குரியது. ஆப்ட்டை உருவாக்குவோர், பயனர் படிக்கவில்லை என்று சொல்லிக் கைகழுவவில்லை. அந்தத் தொடரைத் தட்டச்சிட்டு இன்றியமையாத தொகுப்புகளை நீக்கும் வழியையே அடைத்தார்கள். இப்போது அதற்குத் தனி விருப்பத்தை முன்கூட்டியே கட்டளையில் தர வேண்டும். வாக்கியம் தோற்ற இடத்தில் அதை எழுதியவர்களுக்கும் பொறுப்பு உண்டு என்று ஏற்றுக்கொண்டார்கள். இங்கேதான் மொழியியலாளர்களின் வேலை தொடங்குகிறது.

எல்லாச் செய்திகளும் தெளிவானவை என்று வாதிடுவது நேர்மையாகாது. ஆப்ட்டின் புகழ்பெற்ற செய்தியொன்று, ‘சிக்கல்களைத் தீர்க்க இயலவில்லை, நீங்கள் உடைந்த தொகுப்புகளைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள்’ என்பதுபோல் ஒலிக்கிறது. இதில் ‘பிடித்து வைத்தல்’ ஒரு கலைச்சொல்: ஒரு தொகுப்பு புதுப்பிக்கப்படாமல் இருக்கும்படி பயனரே நிறுத்தி வைப்பது. ஆனால் இச்செய்தியைக் காண்போரில் பலர் எதையும் நிறுத்தி வைத்திருக்கமாட்டார்கள். நிறுத்தி வைத்தவற்றைப் பட்டியலிடும் கட்டளையை இயக்கினால் வெறும் வரியே வரும். உண்மையில் நேர்ந்தது, ஒன்றையொன்று சார்ந்த தொகுப்புகளின் நிபந்தனைகளை ஒருசேர நிறைவேற்ற முடியவில்லை என்பது. அதற்கு மேலேயுள்ள வரிகளில்தான் எந்தத் தொகுப்பு எந்தப் பதிப்பைக் கேட்கிறது, எது கிடைக்கவில்லை என்ற செய்தி இருக்கும். கடைசி வரி, செய்யாத குற்றத்தை முன்னிலை எழுவாயின் தலையில் சுமத்துகிறது. இது கணினிச் சிக்கல் மட்டுமன்று. வினைமுதல் யார் என்பதில் நேர்ந்த மொழிச் சிக்கல். இதைப் பற்றி ஒரு கருத்தரங்கக் கட்டுரை எழுத எந்தத் தமிழ்த்துறைக்குத் தோன்றியது?

தமிழ்க் கல்வியுலகம் கணினிக்கென்று செய்வதாகப் பெருமைகொள்ளும் பணி, கலைச்சொல்லாக்கம். அது பெயர்ச்சொற்களின் பணி. கோப்புக்கும் சுட்டிக்கும் உலாவிக்கும் சொல் கண்டவர்களை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் கணினி பெயர்ச்சொற்களால் மட்டும் பேசுவதில்லை, வாக்கியங்களால் பேசுகிறது. சொற்பட்டியல் வாக்கியத்தைக் காப்பாற்றாது. எளிய சான்று: ஆப்ட்டில் ‘அப்டேட்’ என்பது, களஞ்சியத்தில் என்னென்ன உள்ளன என்ற பட்டியலைப் புதிதாகப் பெறுவது மட்டுமே, எந்த மென்பொருளும் அதனால் மாறாது. ‘அப்கிரேட்’ என்பதே புதிய பதிப்புகளை நிறுவுவது. தமிழில் இரண்டையும் ‘புதுப்பித்தல்’ என்று சொன்னால், முதற்கட்டளையை மட்டும் நாள்தோறும் இயக்கிவிட்டுக் கணினி பாதுகாப்பாக இருப்பதாக ஒருவர் நம்பிக்கொண்டிருப்பார். ‘பட்டியலைப் புதுப்பி’, ‘தொகுப்புகளை மேம்படுத்து’ என்று செயப்படுபொருளோடு சொன்னால் குழப்பம் நீங்கும். சொல்லைத் தனியே நிறுத்தாமல் தொடரில் வைத்தபோது கிடைத்த தெளிவு இது.

மொழிபெயர்ப்பின் நுட்பம் இன்னும் ஆழமானது. லினக்ஸ் உலகின் செய்திகளில் பெரும்பகுதி கெட்டெக்ஸ்ட் என்னும் முறைப்படி, மூலத்தொடரும் பெயர்ப்புத்தொடருமாக இணைத்து வைக்கப்படுகின்றது. தொகுப்பின் பெயர், கோப்பின் பெயர் போன்றவை இயங்கும்போதுதான் தொடருக்குள் வந்து அமரும். ஆங்கிலத்தில் அந்த வெற்றிடத்திற்கு முன் ஒரு முன்னிடைச்சொல் நின்றால் போதும். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்ட வேண்டும். ஈற்றெழுத்தைப் பொறுத்துப் புணர்ச்சி மாறும். வரப்போகும் பெயரோ மொழிபெயர்ப்பவருக்குத் தெரியாது. வெற்றிடத்தை அடுத்து ‘ஐ’ என்று ஒட்டினால் படிக்கவே கூசும் தொடர் கிடைக்கும். ‘என்னும் தொகுப்பை’, ‘என்ற கோப்பில்’ என்று ஒரு பொதுப்பெயரை இடையே வைத்து, உருபை அதன்மேல் ஏற்றினால் தொடர் நிமிரும். இரண்டு மூன்று வெற்றிடங்கள் வந்தால், அவற்றின் வரிசையை மாற்றிக்கொள்ள எண்ணிட்டுக் குறிக்கும் வசதி அம்முறையிலேயே உண்டு. வினையை இறுதியில் வைக்கும் மொழிக்கு அது இன்றியமையாதது. இவை இலக்கணம் அறிந்தவர் ஒருவர் அரை மணி நேரத்தில் விளக்கக்கூடியவை. ஆனால் இத்தொடர்களோடு மல்லாடுபவர்கள் பெரும்பாலும் ஊதியமின்றி இரவில் உழைக்கும் தன்னார்வலர்கள். டெபியனை நிறுவும்போது மொழிப்பட்டியலில் தமிழ் இருப்பது அப்படிப்பட்டவர்களின் உழைப்பால்.

இதற்கு எதிராக மூன்று வாதங்கள் வழக்கமாக வரும்.

பயனர் எதற்குப் படிக்க வேண்டும், எல்லாம் தானே நடக்க வேண்டாமா என்பது முதலாவது. நடந்தால் நல்லதே. ஆயினும் கன்னடம் படிக்கத் தெரியாதவரும் அல்சூரில் பேருந்தின் எண்ணையாவது பார்த்துவிட்டுத்தான் ஏறுகிறார். செல்லுமிடத்தை அறிவது ஓட்டுநரின் வேலை மட்டும் அன்று.

தமிழில் செய்தி வந்தால் இணையத்தில் தேட முடியாது என்பது இரண்டாவது. இதில் உண்மையுண்டு. ஆனால் கட்டளைக்கு முன் மொழியமைப்பை ஒருமுறை மாற்றிக் கொடுத்தால் அதே செய்தி ஆங்கில மூலத்தில் கிடைக்கும். தமிழில் புரிந்துகொண்டு, மூலத்தில் தேடலாம். இருமொழியில் பணிபுரிவது ஜோகுபாளையத்துக்காரருக்குப் புதிதன்று. கடைத்தெருவில் மும்மொழியில் பேரம் பேசுகிறவர் அவர்.

அரசு பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை இது என்பது மூன்றாவது. அரசுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007-இல் வந்தது. அதே காலத்தையொட்டி எல்காட் நிறுவனம், உமாசங்கர் இ.ஆ.ப. மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, சூசே லினக்ஸுக்கு மாறியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழ்நாட்டு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் மாணவர் கைக்குச் சென்றது. ஆனால் இயங்குதளத்தைக் கொடுப்பது ஒரு வேலை. அது பேசுவதைப் படிக்கக் கற்பிப்பது இன்னொரு வேலை. கேரளத்தின் ஐடி@ஸ்கூல் திட்டம், இன்றைய கைட், கட்டற்ற மென்பொருளோடு ஆசிரியர் பயிற்சியையும் மலையாளத்தில் பாடநூலையும் சேர்த்தே கொடுத்தது. இரண்டாவது வேலையை அரசாணை செய்யாது. ஆசிரியரும் ஆய்வாளரும்தான் செய்ய வேண்டும்.

செய்யத்தக்கதும் பெரிய காரியம் அன்று. அன்றாடம் எதிர்ப்படும் ஐம்பது புதுப்பிப்புப் பிழைச்செய்திகளை ஒரு துறை எடுத்துக்கொள்ளட்டும். ஒவ்வொன்றுக்கும் மூலம், பதவுரை, கருத்துரை, செய்யத்தக்கது, செய்யத்தகாதது என ஐந்து பகுதி. உரையாசிரியர் மரபில் பழகியவர்களுக்கு இவ்வடிவம் கைவந்தது. முதுகலை மாணவர் ஒருவருக்கு ஐந்து செய்தி என்று பிரித்தால், பத்து மாணவர்கள் ஒரு பருவத்தில் முடிக்கலாம். அதன் வழியே தெளிவற்ற மூலத்தொடர்கள் தென்படும்; அவற்றை உருவாக்குநர்களிடம் வழுவறிக்கையாக எழுதலாம். வாக்கியம் தெளிவில்லை என்பதும் ஏற்கத்தக்க வழுவறிக்கையே.

அதுவரை, புதுப்பிப்பு நின்றுபோன திரைக்கு முன் அமர்ந்திருப்பவர் தாமே செய்யக்கூடியவை மூன்று. செய்தி முழுவதையும், கடைசி வரியை மட்டுமன்றி முதல் வரியிலிருந்து படிப்பது. அது பூட்டா, குறைவேலையா, இடமா, காலமா, சாவியா, ஆயுளா என வகைப்படுத்துவது. பொருள் விளங்காத எந்தக் கட்டளையையும், அதைத் தந்தவர் மனிதராயினும் செயலியாயினும், நிர்வாகி அதிகாரத்தோடு இயக்காமலிருப்பது.

ஜோகுபாளையத்து மாணவரின் திரையில் அன்று காலை வந்த செய்தி, வெளியீட்டுக் கோப்பு இன்னும் செல்லுபடியாகவில்லை என்பதாக இருக்கலாம். படித்தால், எஸ்.பி. ரோட்டில் சில பத்து ரூபாய்க்கு ஒரு மின்கலம் வாங்கி வந்து மாலையில் மூன்றாம் இயலைத் தொடங்குவார். படிக்காவிட்டால், படியெடுத்து வைக்காத இரண்டு இயல்களையும் ‘ஃபார்மட்’ செய்பவரிடம் ஒப்படைத்துவிட்டு வருவார். அவருக்கு அந்த வரியைப் படிக்கக் கற்றுத் தராத மொழித்துறை, தமிழ்க் கணிமையைப் பற்றி இன்னொரு கருத்தரங்கம் நடத்துமுன் இதற்கு விடை சொல்லட்டும்.